பிரசங்க பீடத்தில் ஓட்டுக் கேட்கலாமா? அமெரிக்கச் சபைகளும் ஜான்சன் திருத்தமும்

2025 ஜூலை 7 அன்று அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ்., டெக்சாஸில் உள்ள ஒரு கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒரு மனு கொடுத்தது. தன்மேல் வழக்குப் போட்டவர்களோடு கைகோத்து, ஒரே மனுவாக. ஒரு சபை, அதாவது சர்ச், தன் ஆராதனையில் தன் மக்களிடம் வேட்பாளர்களைப் பற்றிப் பேசினால் அதைத் தேர்தல் பிரசாரத்தில் தலையிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது அதன் சாரம். அன்று இரவே "சபைகள் இனி வேட்பாளரை ஆதரிக்கலாம்", "ஜான்சன் திருத்தம் செத்துவிட்டது" என்று தலைப்புகள் ஓட ஆரம்பித்தன. ஒரு பக்கம் அல்லேலூயா, இன்னொரு பக்கம் மதச்சார்பின்மைக்கே சாவு மணி என்று புலம்பல்.

இரண்டு பக்கமும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டன. சபைகள் உள்பட வரிவிலக்கு பெறும் ஸ்தாபனங்கள் வேட்பாளருக்காகப் பிரசாரம் செய்யக்கூடாது என்கிற 1954 சட்டம்தான் ஜான்சன் திருத்தம். அந்தச் சட்டம் ரத்தாகவில்லை, அதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அப்படியானால் மாறியது என்ன? அதைப் புரிந்துகொள்ள வரிவிலக்கு என்ற ஆதி விஷயத்திலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் பேச்சுரிமைச் சண்டை போலத் தெரியும் இது அடியில் காணிக்கைப் பணத்தின் சண்டை.

இந்தியத் தேர்தல்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இன்னொரு குழப்பமும் வரும். இந்தியாவில் மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்டால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவின்படி ஜெயித்தவரின் வெற்றியே செல்லாமல் போகலாம். மாட்டுவது வேட்பாளர். அமெரிக்காவில் வேட்பாளருக்கு ஒன்றும் ஆகாது. மாட்டுவது சபை, அதுவும் வரிக் கணக்கில்.

501(சி)(3): ஒரு எண், இரண்டு சலுகைகள்

அமெரிக்க வரிச் சட்டத்தில் 501(சி)(3) என்று ஒரு பிரிவு உண்டு. சபைகள், பல்கலைக்கழகங்கள், தர்ம ஸ்தாபனங்கள், பல மருத்துவமனைகள் எல்லாம் இதற்குள் வருகின்றன. இது தருவது இரண்டு.

1. ஸ்தாபனம் தன் வருமானத்துக்கு வரி கட்ட வேண்டாம்.

2. அதற்கு நன்கொடை கொடுப்பவர் அந்தத் தொகையைத் தன் வருமானத்திலிருந்து கழித்துக்கொண்டு மீதிக்கு வரி கட்டலாம்.

முதல் சலுகை பலருக்கும் உண்டு. கட்சிகளின் தேர்தல் நிதிக் குழுக்கள்கூட வாங்குகிற நன்கொடைக்கு வரி கட்டுவதில்லை. விஷயம் எல்லாம் இரண்டாவதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு சபையின் உறுப்பினராக இருப்பவருக்கு ஜனவரி மாதம் சபை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வரும்: போன வருடம் நீங்கள் கொடுத்த காணிக்கை மொத்தம் இவ்வளவு, இதற்குப் பதிலாக உங்களுக்குப் பொருளோ சேவையோ எதுவும் தரப்படவில்லை என்று. அந்தத் தாளை வைத்து வரிக் கணக்கில் கழிவு கேட்கலாம். 22 சதவீத வரி அடுக்கில் இருப்பவர் 1,000 டாலர் தசமபாகம் கொடுத்துக் கழிவும் எடுத்தால் அவர் கையிலிருந்து உண்மையில் போனது 780 டாலர். மீதி 220 டாலரை அரசாங்கம் விட்டுக்கொடுத்திருக்கிறது. அதாவது பக்கத்து வீட்டு நாத்திகரும் எதிர் வீட்டு இஸ்லாமியரும் சேர்த்துத்தான்.

அதே 1,000 டாலரை ஒரு வேட்பாளருக்குக் கொடுத்தால்? ஒரு காசு கழிவு கிடையாது. யாருக்குக் கொடுத்தாலும் சரி, எந்தக் கட்சியானாலும் சரி.

இந்தக் கழிவு ஒரு வகையில் அரசு மானியமே என்று உச்ச நீதிமன்றம் 1983-ல் ஒரு வழக்கில் சொன்னது. சபைகள் சம்பந்தப்பட்ட வழக்கு இல்லை அது, ஆனால் அந்தத் தர்க்கம் இங்கேயும் அப்படியே வந்து உட்காரும்: நீ என்ன வேண்டுமானாலும் பேசு, ஆனால் உன் பேச்சுக்கு நான் பணம் தர வேண்டும் என்று கேட்காதே.

இந்தச் சலுகையில் சபைகளுக்கென்று தனியாக ஒரு தாராளமும் இருக்கிறது. மற்ற தர்ம ஸ்தாபனங்கள் விண்ணப்பம் போட்டு அங்கீகாரம் வாங்க வேண்டும், வருடா வருடம் 990 என்ற படிவத்தில் வரவு செலவைச் சொல்ல வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். சபைக்கு இரண்டும் தேவையில்லை. சபையாக இருந்தாலே விலக்கு தானாக வந்துவிடும், கணக்கை யாருக்கும் காட்ட வேண்டாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1954: டெக்சாஸ் உட்கட்சிச் சண்டையில் பிறந்த சட்டம்

லிண்டன் ஜான்சன் அப்போது டெக்சாஸ் செனட்டர், செனட்டில் ஜனநாயகக் கட்சியின் தலைவர். 1954-ல் மறுபடி நிற்க வேண்டும். அவரைக் கட்சிக்குள்ளேயே எதிர்த்து நின்றவர் டட்லி டஹர்ட்டி என்ற இளம் மாநில சட்டமன்ற உறுப்பினர். கம்யூனிச எதிர்ப்பு வெறி உச்சத்தில் இருந்த காலம். எண்ணெய்க் கோடீஸ்வரர் எச்.எல். ஹண்ட் பணத்தில் நடந்த ஃபாக்ட்ஸ் ஃபோரம் மாதிரியான, வரிவிலக்கு வாங்கி வைத்திருந்த அமைப்புகள் ஜான்சனுக்கு எதிரான பிரசாரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தன.

ஜூலை 2 அன்று, ஒரு பெரிய வரிச் சட்ட மசோதா விவாதத்தில் இருக்கும்போது, ஜான்சன் எழுந்து ஒரு சின்னத் திருத்தம் கொண்டுவந்தார்: இந்த விலக்கு பெறும் ஸ்தாபனம் எந்த வேட்பாளருக்காகவும் பிரசாரத்தில் பங்கெடுக்கவோ தலையிடவோ கூடாது. விசாரணை இல்லை, விவாதம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிட்டது. ஆகஸ்ட் 16 அன்று குடியரசுக் கட்சி ஜனாதிபதி ஐசன்ஹோவர் கையெழுத்துப் போட்டார். 1987-ல் "எதிர்ப்பதும் கூடாது" என்ற பொருளில் ஒரு சொற்றொடரைச் சேர்த்து இறுக்கினார்கள்.

சபைகளை மனதில் வைத்து இது எழுதப்பட்டதாகச் சான்று எதுவும் இல்லை. வலையை விரித்தது வேறு மீனுக்கு, சபைகளும் அதே குளத்தில் இருந்ததால் உள்ளே வந்தன. இந்தச் சட்டத்தை எதிர்க்கிற போதகர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள், அது நியாயமான வாதமே. ஒரு அரசியல்வாதி தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த ஏற்பாடு எழுபது வருடமாகப் பிரசங்க பீடத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் பிறந்த விதம் சரியில்லை என்பதால் ஒரு விதியே தவறாகிவிடாது. அதைத் தனியாகத்தான் எடை போட வேண்டும்.

எது கூடும், எது கூடாது

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். "போதகர் அரசியல் பேசக்கூடாது" என்று சட்டம் ஒருபோதும் சொன்னதில்லை. ஐ.ஆர்.எஸ். சபைகளுக்காக வெளியிட்ட கையேட்டையே எடுத்துக்கொள்வோம்.

1. கருக்கலைப்பு, போர், குடியேற்றம், மரண தண்டனை என எந்தப் பிரச்சினையைப் பற்றியும் எவ்வளவு காட்டமாகவும் பிரசங்கிக்கலாம்.

2. வாக்காளர் பதிவு முகாம் நடத்தலாம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோரையும் பேருந்தில் ஏற்றி வாக்குச்சாவடிக்குக் கூட்டிப்போகலாம், ஆனால் பேருந்தில் ஏற இன்னாருக்குத்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று நிபந்தனை வைக்கக்கூடாது.

3. எல்லா வேட்பாளர்களுக்கும் சமமான வாய்ப்புக் கொடுத்து மேடையில் பேசவிடலாம்.

4. போதகர் தனி மனிதராக யாரையும் ஆதரிக்கலாம். தானே தேர்தலில் நிற்கவும் செய்யலாம்.

கையேட்டில் வரும் கற்பனை உதாரணங்களில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரியும். ஒரு போதகர் ஒரு வேட்பாளரின் தேர்தல் அலுவலகத்துக்கே போய்ப் பத்திரிகையாளர்கள் முன்னால் நின்று இவரைத் திரும்பத் தேர்ந்தெடுங்கள் என்கிறார். அவர் எந்தச் சபையின் போதகர் என்று மறுநாள் பத்திரிகையிலும் வருகிறது. தவறில்லை. இன்னொரு போதகர் தன் சபையின் மாதச் செய்திமடலில் "என் கருத்து" என்ற தன் பத்தியில், இது என் சொந்த அபிப்பிராயம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு ஒரு வேட்பாளரை ஆதரிக்கிறார். அந்தப் பக்கத்துக்கான அச்சுச் செலவையும் தன் பையிலிருந்தே கொடுத்துவிடுகிறார். அது தவறு! ஏனென்றால் செய்திமடல் சபையின் அதிகாரபூர்வ வெளியீடு.

முதலில் படிக்கும்போது கொஞ்சம் சிரிப்பு வரும். ஆனால் உள்ளே ஒரு ஒழுங்கு இருக்கிறது: போதகரின் வாயை அது கட்டவில்லை, சபையின் தாளையும் மைக்கையும் தொடாதே என்கிறது.

சட்டம் இருந்தது, கடித்ததா?

கிட்டத்தட்ட இல்லை. வேட்பாளரை எதிர்த்ததற்காக வரிவிலக்கை இழந்த சபை என்று எல்லோரும் காட்டுவது ஒன்றே ஒன்றைத்தான்: நியூயார்க் மாநிலத்தில் பிங்கம்டன் நகருக்குப் பக்கத்தில் இருந்த பியர்ஸ் கிரீக் சபை. 1992 தேர்தலுக்கு நான்கு நாள் முன்னால் யுஎஸ்ஏ டுடேயிலும் வாஷிங்டன் டைம்ஸிலும் முழுப் பக்க விளம்பரம் கொடுத்து, அப்படியிருக்க நாம் பில் கிளின்டனுக்கு எப்படி ஓட்டுப் போட முடியும் என்று கிறிஸ்தவர்களைக் கேட்டது. அதோடு விட்டிருந்தால்கூட எப்படிப் போயிருக்குமோ. பக்கத்தின் அடியில், இந்த விளம்பரச் செலவுக்கு வரிக்கழிவு உள்ள நன்கொடைகளை மகிழ்ச்சியோடு ஏற்கிறோம் என்று ஒரு வரி, அனுப்ப வேண்டிய முகவரியோடு. மேலே சொன்ன 220 டாலர் கணக்கை இந்த ஒரு வரியை விடத் தெளிவாக யாரும் விளக்கிவிட முடியாது.

ஐ.ஆர்.எஸ். 1995-ல் விலக்கைப் பறித்தது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் 2000-ல் சபை தோற்றது. ஆனால் தீர்ப்பைப் படித்தால் தண்டனை எவ்வளவு லேசானது என்று தெரியும்: அரசியல் தலையீட்டை நிறுத்திவிட்டால் சபை மறுபடியும் விலக்கை அனுபவிக்கலாம், அதற்கு விண்ணப்பம்கூடத் தேவையில்லை. பேசியே ஆக வேண்டும் என்றால் 501(சி)(4) என்ற வேறு வகை அமைப்பைத் துணையாக வைத்துக்கொள்ளலாம் என்றும் நீதிமன்றமே வழி காட்டியது. அந்த அமைப்புக்கும் வரி இல்லை, ஆனால் நன்கொடை கொடுப்பவருக்குக் கழிவு இல்லை, அவ்வளவுதான்.

வலதுசாரிச் சபைகள் மட்டும் மாட்டவில்லை. கலிபோர்னியாவின் பாசடீனாவில் ஆல் செயின்ட்ஸ் என்ற முற்போக்கு எபிஸ்கோபல் சபை உண்டு. 2004 தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் அதன் முன்னாள் குரு ஜார்ஜ் ரீகஸ், இயேசு புஷ்ஷோடும் கெர்ரியோடும் விவாத மேடையில் நின்றால் என்ன கேட்பார் என்று ஒரு பிரசங்கம் செய்தார். யாருக்கு ஓட்டுப் போடு என்று சொல்ல மாட்டேன் என்று ஆரம்பித்து, ஈராக் போரை வெளுத்து வாங்கினார். ஐ.ஆர்.எஸ். விசாரணை 2005-ல் தொடங்கி 2007-ல் முடிந்தது: நீங்கள் சட்டத்தை மீறினீர்கள், ஆனால் நடவடிக்கை இல்லை. பிரசங்கத்தின் எந்த வாக்கியத்தில் மீறல் என்று சொல்லுங்கள் என்று சபை கேட்டதுதான் மிச்சம்.

2008-லிருந்து கதை தலைகீழானது. அலையன்ஸ் டிஃபென்ஸ் ஃபண்ட் என்ற கிறிஸ்தவச் சட்ட உதவி அமைப்பு "பிரசங்க பீட சுதந்திர ஞாயிறு" என்று ஒன்றை ஆரம்பித்தது. முதல் வருடம் 33 போதகர்கள் வேண்டுமென்றே வேட்பாளர் பெயரைச் சொல்லிப் பிரசங்கித்து அதை ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு அனுப்பியும் வைத்தார்கள். வா, வந்து வழக்குப் போடு என்று. சில வருடங்களில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. ஐ.ஆர்.எஸ். யாருடைய விலக்கையும் பறிக்கவில்லை.

இதற்கு ஒரு வேடிக்கையான நிர்வாகக் காரணமும் இருந்தது. 1984-ல் வந்த ஒரு சட்டப்படி, ஒரு சபையை விசாரிக்க வேண்டுமானால் கருவூலத் துறையின் உயர் அதிகாரி ஒருவர் எழுத்து மூலம் காரணம் காட்டி அனுமதிக்க வேண்டும். வட்டார ஆணையர் அந்தஸ்துக்குக் கீழே போகக்கூடாது. 1998-ல் துறையைச் சீரமைக்கிறோம் என்று வட்டார ஆணையர் பதவியையே எடுத்துவிட்டார்கள்! அதற்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அதிகாரிக்கு அந்த அந்தஸ்து இல்லை என்று 2009-ல் மினசோட்டாவில் ஒரு நீதிமன்றம் சொன்னது. அதோடு சபைகள்மேல் விசாரணை பல காலம் படுத்துவிட்டது.

அதாவது எழுத்தில் கடுமை, நடப்பில் ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட சட்டம் யாரைக் கட்டுப்படுத்தும்? பயந்த, நேர்மையான சின்னச் சபைகளை. துணிந்த பெரிய சபைகள் அவர்கள் பாட்டுக்கு நடந்துகொண்டார்கள். எனக்கு இந்தச் சட்டத்தின்மேல் இருக்கும் பெரிய குறையே இதுதான்.

2025 ஜூலையில் நடந்தது என்ன

டொனால்ட் டிரம்ப் 2017 பிப்ரவரியில் தேசிய ஜெப விருந்தில் ஜான்சன் திருத்தத்தை அடியோடு ஒழிப்பேன் என்றார். மே மாதம் ஒரு நிர்வாக ஆணை வந்தது, அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. வருடக் கடைசியில் வரிச் சட்ட மசோதாவோடு சேர்த்து நாடாளுமன்றத்தில் தளர்த்தப் பார்த்தார்கள். செனட் நடைமுறை விதி தடுத்துவிட்டது. அந்தச் சமயத்தில் நாடாளுமன்றத்தின் வரிக் குழு ஒரு கணக்குப் போட்டது: தளர்த்தினால் பத்து வருடத்தில் அரசு வருவாயில் 200 கோடி டாலருக்கு மேல் குறையும். ஏன் குறைய வேண்டும் என்று யோசித்தால், தேர்தல் நன்கொடை தர்மக் கணக்குக்கு இடம் மாறும் என்று அவர்களே எதிர்பார்த்தார்கள் என்று அர்த்தம்.

அப்புறம் 2024 ஆகஸ்டில் தேசிய மத ஒலிபரப்பாளர்கள் சங்கம், இன்டர்செசர்ஸ் ஃபார் அமெரிக்கா என்ற ஜெப அமைப்பு, டெக்சாஸின் இரண்டு சபைகள் ஆகியோர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். அதில்தான் ஐ.ஆர்.எஸ். எதிர்க்காமல் சமரசத்துக்கு வந்தது. மனு சொல்வதைப் பிரித்துப் பார்த்தால்:

1. பேசுவது வழிபாட்டு ஸ்தலமாக இருக்க வேண்டும். மருத்துவமனை, பல்கலைக்கழகம், விலங்குக் காப்பகத்துக்கு இது பொருந்தாது.

2. பேச்சு தன் சபையாரிடம் இருக்க வேண்டும்.

3. ஆராதனையை ஒட்டி, சபை வழக்கமாகப் பயன்படுத்தும் வழிகளில் நடக்க வேண்டும்.

4. தேர்தலை விசுவாசத்தின் கண்ணால் பார்க்கும் பேச்சாக இருக்க வேண்டும்.

இதெல்லாம் இருந்தால் அது வேட்பாளர்களைப் பற்றி ஒரு குடும்பத்துக்குள் நடக்கும் பேச்சு மாதிரி, தலையீடு ஆகாது என்கிறது மனு. கேட்ட தடையும் வழக்குப் போட்ட அந்த இரண்டு சபைகள்மேல் சட்டத்தைப் பாய்ச்சக்கூடாது என்பதற்கு மட்டும். நீதிபதி ஏற்றாலும் தள்ளினாலும் 1954 சட்டத்தை அது அழிக்காது, அதை நாடாளுமன்றம்தான் செய்ய முடியும். ஆனால் சட்டத்தை அமல்படுத்த வேண்டிய துறையே நாங்கள் இதை இப்படித்தான் வாசிக்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. நாடெங்கும் உள்ள போதகர்களுக்கு அது போதும். பியர்ஸ் கிரீக் மாதிரி பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தால் இன்றைக்கும் மாட்ட வேண்டியதுதான், பீடத்தில் நின்று சொன்னால் இல்லை.

குடும்பப் பேச்சு என்ற உவமை 1954-க்குப் பொருந்தியிருக்கும். கதவைச் சாத்தினால் உள்ளே இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது. இன்றைக்கு ஒரு பெரிய சபையின் "வழக்கமான வழி" என்பது யூடியூப் நேரலை. சபையில் இரண்டாயிரம் பேர், திரைக்கு அந்தப் பக்கம் பல்லாயிரம் பேர், திங்கட்கிழமை காலை வேட்பாளரின் ஆட்கள் அதில் நாற்பது விநாடியை வெட்டி எடுத்து எல்லா இடத்திலும் போடுவார்கள். இந்தக் குடும்பத்தில் எத்தனை பேர்?

பணம் எந்த வழியாக நுழையும்

1. வேட்பாளரின் கணக்கில் ஒரு தனிநபர் 2025-26 சுற்றில் ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் வரைதான் போடலாம். 200 டாலருக்கு மேல் போனால் பெயர் வெளியில் வரும்.

2. வேட்பாளரிடம் பணம் கொடுக்காமல் தனியாகப் பிரசாரச் செலவு செய்யும் சூப்பர் பேக் என்ற குழுக்களுக்கு வரம்பில்லாமல் கொடுக்கலாம், ஆனால் அங்கேயும் பெயர் வெளியில் வரும், வரிக்கழிவும் கிடையாது.

3. சபைக்கு எவ்வளவும் கொடுக்கலாம். பெயர் வெளியில் வராது, சபை கணக்குக் காட்டத் தேவையில்லை என்று மேலே பார்த்தோமே, அதனால். கழிவும் உண்டு. பெரிய வரி அடுக்கில் இருப்பவருக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரும்பி வரும்.

4. ஆக, சபையின் நேரலைக்கும் ஒலிபரப்புக்கும் ஒருவர் "ஊழிய வளர்ச்சிக்கு" என்று பெருந்தொகை கொடுத்து, தேர்தல் மாதத்தில் அந்த மேடையிலிருந்து ஒரு பெயர் வந்தால், மூன்று சலுகையும் ஒரே வாசலில் கிடைக்கிறது.

இப்படி நடந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான அமெரிக்கச் சபைகள் சின்னவை, ஞாயிறு காணிக்கையில் கூரை ஒழுகலைச் சரி செய்வதே பெரும் பாடு. ஆனால் பத்து வாசலில் ஒன்பதில் காவல் போட்டுவிட்டுப் பத்தாவதைத் திறந்து வைத்தால் கூட்டம் எங்கே போகும் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை.

இங்கே ஒரு தற்செயல். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான புதிய வரிச் சட்டம், விவரமான கழிவுப் பட்டியல் போடாதவர்களுக்கும் 2026-லிருந்து தனிநபருக்கு 1,000 டாலர், தம்பதிக்கு 2,000 டாலர் வரை நன்கொடைக் கழிவு தருகிறது. அதுவரை பத்தில் ஒரு குடும்பம் போலத்தான் பட்டியல் போட்டுக் கழிவு வாங்கியது. மனு வந்தது மூன்று நாள் கழித்து. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் காணிக்கைத் தட்டில் விழும் பணத்தில் அரசின் பங்கு இன்னும் நிறைய வீடுகளுக்கு விரிகிறது.

சுவரைக் கேட்டது யார்

சபைக்கும் அரசுக்கும் நடுவே சுவர் என்பதை நாத்திகர்கள் கட்டியதாக அமெரிக்கக் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினர் நம்புகிறார்கள். வரலாறு வேறு மாதிரி. 1644-லேயே அந்த உருவகத்தை எழுதியவர் ரோஜர் வில்லியம்ஸ், மாசசூசெட்ஸ் பியூரிட்டன்கள் துரத்திவிட்ட ஒரு போதகர். அவருக்குச் சபை என்பது தோட்டம், உலகம் வனாந்தரம். வேலி தோட்டத்தைக் காப்பதற்கு.

ஜனாதிபதி ஜெஃபர்சனின் புகழ்பெற்ற சுவர்க் கடிதம் 1802 ஜனவரி 1 அன்று கனெக்டிகட்டில் டான்பரி ஊரின் பாப்டிஸ்டுகளுக்குப் போனது. அந்த மாநிலத்தில் காங்கிரகேஷனல் சபைதான் அரசு சபை. 1818 வரை அப்படியே. பாப்டிஸ்டு ஒருவர் அதற்கு வரி கட்டாமல் தப்ப வேண்டும் என்றால் தான் வேறு சபை என்று சான்றிதழ் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சுவரைக் கெஞ்சிக் கேட்டவர்கள் இந்தப் பக்தர்கள்தான்.

அதே ஜனவரி 1 அன்று வெள்ளை மாளிகைக்கு ஒரு பாலாடைக்கட்டி வந்து சேர்ந்தது. எடை 1,235 பவுண்டு, ஏறக்குறைய 560 கிலோ. மாசசூசெட்ஸின் செஷயர் ஊர் பாப்டிஸ்டுகள் செய்தது, கொண்டுவந்தவர் அவர்களுடைய போதகர் ஜான் லேலண்ட். எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்டுகளின் மாட்டுப் பால் ஒரு சொட்டும் இதில் சேரவில்லை என்பது அந்த ஊரின் பெருமை. மதச் சுதந்திரத்துக்காக வாழ்நாள் முழுக்கப் போராடிய லேலண்ட், கட்சி அரசியலில் முழங்கால்வரை இறங்கியும் நின்றார்.

நான் இந்தக் கட்டியை வேடிக்கைக்காக இழுக்கவில்லை. போதகர் கட்சி சார்ந்து பேசினால் சுவர் இடிந்துவிடும் என்பவர்களுக்கு லேலண்ட் ஒரு தலைவலி. பீடத்தில் எதையும் பேச உரிமை வேண்டும், அதற்கு வரிப்பணமும் துணை வர வேண்டும் என்பவர்களுக்கு அதைவிடப் பெரிய தலைவலி. மாட்டுப் பால் அவர்களுடையது, வண்டிச் செலவு அவர்களுடையது. அரசிடம் அவர் எதிர்பார்த்தது, எங்கள் மத விஷயத்தில் ஒரு காசு எடுக்காதே, ஒரு காசு கொடுக்காதே என்பதைத்தான்.

கறுப்பினச் சபைகளின் கணக்கு வேறு

இந்தப் பேச்சில் வெள்ளை சுவிசேஷ சபைகளே எப்போதும் படத்தில் வருகின்றன. ஆனால் பல தலைமுறைகளாக ஓட்டுரிமையே மறுக்கப்பட்ட மக்களுக்குக் கூடிப் பேச இருந்த ஒரே கூரை சபைதான். 1960 அக்டோபரில் மார்ட்டின் லூதர் கிங் ஜார்ஜியாவில் சிறையில் இருந்தபோது ஜனாதிபதி வேட்பாளர் கென்னடி அவர் மனைவி கொரெட்டாவுக்குப் போன் செய்தார். கிங்கின் தந்தையும் எபனேசர் பாப்டிஸ்ட் சபையின் போதகர். கென்னடி கத்தோலிக்கர் என்பதாலேயே நிக்சனுக்குப் போடுவதாக இருந்தவர், அதன் பிறகு என்னிடம் ஒரு பெட்டி நிறைய ஓட்டு இருக்கிறது, கென்னடி மடியில் கொட்டப்போகிறேன் என்று அறிவித்தார். அதே எபனேசரின் தலைமைப் போதகர் ரபயேல் வார்னாக் 2021-லிருந்து அமெரிக்க செனட்டர்.

தேர்தல் காலத்து ஞாயிறுகளில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் கறுப்பினச் சபைகளின் மேடை ஏறுவது வழக்கமான காட்சி. அப்போது மட்டும் ஐ.ஆர்.எஸ். எங்கே போனது என்று பழமைவாதப் போதகர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், ஓட்டுப் போட முடியாதபடி ஒடுக்கப்பட்டவர்கள் ஓட்டுப் போடுங்கள் என்பதும், செல்வாக்குள்ள சபை இவருக்குப் போடுங்கள் என்பதும் ஒரே எடைதானா என்பதும் பதில் சொல்ல வேண்டிய கேள்விதான்.

சபைக்குள் என்ன ஆகும்

மக்கள் மனநிலை தெளிவு. ப்யூ ஆய்வு மையத்தின் 2019 கணிப்பில் அமெரிக்கர்களில் 76 சதவீதம் பேர் சபைகள் வேட்பாளரை ஆதரிக்கக்கூடாது என்றார்கள். 2017-ல் 4,000-க்கும் மேற்பட்ட மதத் தலைவர்கள் திருத்தத்தை எடுக்காதீர்கள் என்று நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். 2025 மனு வந்ததும் கத்தோலிக்க ஆயர் பேரவை, எங்கள் நிலைப்பாடு மாறாது, வேட்பாளர்களை ஆதரிக்கவும் மாட்டோம் எதிர்க்கவும் மாட்டோம் என்று சொல்லிவிட்டது.

பைபிளில் வரும் ஆமோஸ் தீர்க்கதரிசியின் கதையை இங்கே பலரும் நினைவுபடுத்துகிறார்கள். பெத்தேலில் அவரைப் பேசவிடாமல் விரட்டியது ராஜா இல்லை, ஆசாரியன் அமத்சியா. அவன் சொன்ன காரணம், இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம். தவறு செய்த தாவீது ராஜாவின் முன்னால் நாத்தான் தீர்க்கதரிசி "நீயே அந்த மனுஷன்" என்று சொல்ல முடிந்ததும் அவர் தாவீதின் எதிரிக்கு ஆள் பிடிக்க வந்தவராக இல்லாததால்தான். ஒரு பெயரைப் பீடத்தில் நின்று சொன்ன போதகர், ஜெயித்த பிறகு அந்தப் பெயர் தவறு செய்தால் எந்த வாயால் கண்டிப்பார்?

இது இறையியல். நடைமுறையில் இன்னும் சின்னதாக ஒன்று இருக்கிறது. இதுவரை தேர்தலுக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு வேட்பாளரின் ஆள் போன் செய்து, பாஸ்டர், ஞாயிற்றுக்கிழமை எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்று கேட்டால், அல்லது சபையின் பெரிய காணிக்கைக்காரர் ஆராதனை முடிந்து கைகுலுக்கும்போது அதையே மெதுவாகக் கேட்டால், போதகரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது: எனக்கு ஆசைதான் ஐயா, வரிச் சட்டம் விட மாட்டேன் என்கிறது. யாரும் கோபித்துக்கொள்ள முடியாது, சபையும் இரண்டாக உடையாது. 2026 நவம்பர் இடைக்காலத் தேர்தலுக்கு முன்னால் அதே போன் வரும். இந்த முறை மாட்டேன் என்று சொல்ல வேண்டுமானால் அவர் தன் சொந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டியிருக்கும், அதுவும் தன் சம்பளத்தில் பாதி யாருடைய காணிக்கையிலிருந்து வருகிறதோ அவர் முகத்தைப் பார்த்து.